போனின் எண் கடவுச்சொல் ஆகுமா?

செயலி எழுதுபவர்கள் அனுப்பிய கேள்விகளில், சாதன அடையாளமும் லாக்-இன்னும் கலந்து குழம்பும் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண்) அப்படியே அனுப்பாமல், எஸ்எச்ஏ-256 ஹேஷ் (திருப்பிக் கணக்கிட முடியாத வகையில் வேறு எண்ணாக மாற்றும் முறை) போட்டுத்தான் சர்வருக்கு அனுப்புகிறோம். அதையே பயனரின் லாக்-இன் சாவியாக வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஐஎம்இஐ 15 இலக்க எண். அதன் முதல் 8 இலக்கம் போனின் மாடலைக் குறிப்பது. ஒரு மாடலுக்கு இப்படிச் சில எண்களே இருக்கும், தேடினால் கிடைத்துவிடும். கடைசி இலக்கம், முன்னால் உள்ள 14 இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஆக, தெரியாதது நடுவில் உள்ள 6 இலக்கம் மட்டுமே. மொத்தம் 10 லட்சம் எண்கள். அத்தனைக்கும் ஹேஷ் போட்டு உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண லேப்டாப்புக்குச் சில விநாடிகள் போதும்.

சரி, ஹேஷை உடைக்கவே முடியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஐஎம்இஐ ரகசியம் இல்லை. போன் வந்த பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். *#06# அழுத்தினால் திரையில் வந்து நிற்கும். போனை ஒருவர் விற்றால், வாங்கியவர் கைக்குக் கணக்கும் சேர்ந்தே போகும். கடவுச்சொல் கசிந்தால் மாற்றச் சொல்லலாம், ஐஎம்இஐ கசிந்தால் பயனரிடம் எதை மாற்றச் சொல்வீர்கள்? அது யார் என்று சொல்லும் எண். "நான்தான்" என்று நிரூபிக்கும் எண் அல்ல. தவிர, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரணச் செயலிகளால் அதைப் படிக்கவே முடியாது.

கேள்வி: அப்படியானால் ஆண்ட்ராய்டு ஐடி (ஆண்ட்ராய்டே செயலிக்குத் தரும் அடையாள எண்)? அல்லது விளம்பர ஐடி (விளம்பரங்களுக்காகப் போன் தரும் எண்)?

ஆண்ட்ராய்டு 8 முதல் ஆண்ட்ராய்டு ஐடி, செயலியை வெளியிடுபவர் அதில் டிஜிட்டல் கையொப்பமிடும் சாவியைப் பொறுத்து மாறும். ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் மாறும். விளம்பர ஐடியைப் பயனரே மாற்றலாம், அழிக்கலாம். ஐஓஎஸ் 14.5 முதல், அனுமதி தராதவர்களின் போனில் அதற்குப் பதில் வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். அதைச் சாவியாக வைத்தால், மறுத்தவர்கள் எல்லோரும் உங்கள் டேட்டாபேஸில் ஒரே ஆளாகிவிடுவார்கள்! இந்த நிறுவலை மட்டும் அடையாளம் காண வேண்டுமென்றால், முதல் முறை திறக்கும்போது செயலியே ஒரு யூயூஐடி (வேறெதனோடும் ஒத்துப்போகாத நீளமான எண்) உருவாக்கி வைத்துக்கொள்ளட்டும். பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும்.

கேள்வி: ஐபோனில் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால், பழைய பயனர் தானாகவே லாக்-இன் ஆகிவிடுகிறார். எங்கள் கோடில் பிழையா?

பிழை என்று சொல்ல முடியாது. செயலியை நீக்கினாலும் கீசெயினில் (ஐஓஎஸ் ரகசியங்களைப் பூட்டி வைக்கும் இடம்) வைத்தது அங்கேயே இருக்கும். யூசர் டிஃபால்ட்ஸில் (செயலி தன் சாதாரண அமைப்புகளை வைக்கும் இடம்) வைத்தது செயலியோடு போய்விடும். இந்த வித்தியாசத்தையே பயன்படுத்திக்கொள்ளுங்கள்: யூசர் டிஃபால்ட்ஸில் ஒரு குறி வையுங்கள். திறக்கும்போது குறி இல்லையென்றால் அது புதிய நிறுவல். கீசெயினில் உங்கள் செயலி வைத்ததை முதலில் துடைத்துவிட்டு அப்புறம் லாக்-இன் திரையைக் காட்டுங்கள்.

கேள்வி: "என்னை நினைவில் வை" வசதிக்காகப் பாஸ்வேர்டை என்க்ரிப்ட் செய்து ஷேர்டு பிரிஃபரன்ஸில் (ஆண்ட்ராய்டில் செயலி தன் அமைப்புகளை வைக்கும் கோப்பு) வைக்கிறோம். சாவி கோடுக்குள் இருக்கிறது. பாதுகாப்புதானே?

இல்லை. ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) யார் வேண்டுமானாலும் டீகம்பைல் செய்து, அதாவது படிக்கத்தக்க கோடாக மாற்றி, அந்தச் சாவியை எடுக்கலாம். ஒருவர் எடுத்தால் எல்லாப் பயனர்களின் பாஸ்வேர்டுக்கும் அதே சாவி. என்க்ரிப்ஷன் சாவி ஆண்ட்ராய்டு கீஸ்டோரில் (சாவிகளைப் பாதுகாக்கும் போனின் பெட்டகம்) உருவாகி அங்கேயே இருக்க வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது: பாஸ்வேர்டு எதற்குப் போனில்? லாக்-இன் முடிந்ததும் அதை மறந்துவிடுங்கள். சர்வரிடம் காட்டும், சில நிமிடங்களே செல்லும் அக்சஸ் டோக்கன், அது காலாவதியானால் புதியது வாங்க உதவி, ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் மாறும் ரெஃப்ரெஷ் டோக்கன், இந்த இரண்டும் போதும். பழைய ரெஃப்ரெஷ் டோக்கன் மறுபடி வந்தால் திருட்டு என்று எடுத்துக்கொண்டு சர்வர் அந்த லாக்-இன்னையே ரத்து செய்யலாம். கூடவே லாக் கோப்புகளையும் (செயலி தன் செயல்பாடுகளைப் பதிந்து வைக்கும் கோப்புகள்) ஒருமுறை பாருங்கள். என்க்ரிப்ஷன் எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்த ஒரு செயலியைச் சோதித்தபோது, கிராஷ் அறிக்கையில் பாஸ்வேர்டு முழுசாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரோ டீபக் செய்யப் போட்ட ஒரே ஒரு வரி.

கேள்வி: வேறு நிறுவனத்தின் லாக்-இன் பக்கத்தைச் செயலிக்குள் வெப்வியூவில் (செயலியிலேயே பொதிந்த சிறு பிரவுசர்) திறக்கலாமா?

கூடாது. வெப்வியூவில் தட்டுவதையெல்லாம் செயலியால் படிக்க முடியும். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8252 (செயலிகளில் இப்படி லாக்-இன் செய்வதற்கான இணையத் தர ஆவணம்) இதைத் தெளிவாகவே தடுக்கிறது. அதற்குப் பதில் பிரவுசர் வழியே திறக்கும் வசதிகளைப் பயன்படுத்துங்கள்: ஆண்ட்ராய்டில் கஸ்டம் டேப்ஸ், ஐஓஎஸ்ஸில் ஏஎஸ்வெப்ஆதென்டிகேஷன்செஷன். இரண்டிலும் பிகேசிஇ (லாக்-இன் குறியீட்டை வேறு செயலி பறித்தாலும் பயன்படுத்த முடியாமல் செய்யும் முறை) கட்டாயம்.

கேள்வி: ஒரு கணக்கை ஒரு போனில் மட்டும் பயன்படுத்தும்படி கட்ட வேண்டும். ஐஎம்இஐயும் இல்லையென்றால் எப்படி?

லாக்-இன் ஆனதும் கீஸ்டோரிலோ செக்யூர் என்கிளேவிலோ (ஐபோனில் சாவிகளைக் காக்கும் தனிப் பகுதி) ஒரு சாவி ஜோடி உருவாக்குங்கள். பொதுச் சாவி மட்டும் சர்வருக்குப் போகட்டும். தனிச் சாவி போனை விட்டு வெளியே வராது. சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சீரற்ற எண் அனுப்பும், போன் அதில் கையொப்பமிட்டுத் திருப்பும். நகலெடுக்க இங்கே எந்த எண்ணும் இல்லை. போன் தொலைந்தவர் இன்னொரு போனிலிருந்து பழையதை நீக்கவும் வழி வையுங்கள், அந்த நீக்கத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு கேளுங்கள்.