ஒன்பது வயதுப் பிள்ளை தன் இன்ஹேலரைத் தானே பார்த்துக்கொள்ளுமா?

மகனுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா இருக்கிறது, பள்ளியில் மூச்சு வாங்கினால் தானாக இன்ஹேலர் எடுத்துக்கொள்வானா, எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் பழக்கலாம். நாங்கள் மும்பை செம்பூர்வாசிகள். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை சுவர் காயாது, பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பூத்துவிடும். என் மகளுக்கு இழுப்பு வருவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

"நீ தைரியசாலி" என்று சொல்வதால் தைரியம் வந்துவிடாது. முதலில் டாக்டரிடம் அவனையே பேச விடுங்கள். "ராத்திரி இருமல் இருக்கா?" என்று அவர் கேட்டதும் நாம் முந்திக்கொண்டு பதில் சொல்வோம் பாருங்கள், அந்தப் பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம். என் மகள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம், "மாடி ஏறினா நெஞ்சை இறுக்குது" என்றாள். எனக்கே அது புதுச் செய்தி.

அடுத்தது, இரண்டு இன்ஹேலரும் எதற்கு என்று அவனே உங்களுக்கு விளக்கட்டும். ஒன்று, பெரும்பாலும் நீல நிறம், இழுக்கும்போது உடனே மூச்சுக்குழாயைத் தளர்த்த. மற்றது உள்ளே வீக்கம் வராமல் தடுக்க, நன்றாக இருக்கும் நாளிலும் போட வேண்டியது. பிள்ளைகள் டிமிக்கி கொடுப்பது இந்த இரண்டாவதில்தான்.

எங்கள் வீட்டில் பாட்டி, "பம்ப் பழகிப்போயிடும்டி, மாத்திரையே குடு" என்பார். ஒருநாள் என் மகளே மடக்கினாள்: "மாத்திரை 2 மில்லிகிராம் பாட்டி. அதே மருந்து இந்த நீல பம்ப்ல ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம். ரெண்டு அடிச்சாலும் பத்துல ஒரு பங்குதான்." பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

ஒன்று மட்டும். "தெரியும், தெரியும்" என்கிற பிள்ளையைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாயில்) ஒரு அடி, மெதுவாக உள்ளிழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். இவர்கள் அவசரத்தில் இரண்டு அடியையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். தடுப்பு இன்ஹேலர் போட்டபின் வாய் கொப்பளித்துத் துப்பவும் மறப்பார்கள்.

"பெண் குழந்தை, வெளியே சொல்லாதே" என்று உறவுக்காரர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒளித்து வைக்கச் சொன்னால், இழுக்கும் நேரத்திலும் பிள்ளை அதை எடுக்கக் கூச்சப்படும்.

பள்ளியில் இன்ஹேலர் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கக் கூடாது, அவன் பையில் இருக்கட்டும். இழுப்பு வந்தால் என்ன செய்வது என்று டாக்டர் எழுதித் தந்த திட்டத்தின் நகல் ஒன்று வகுப்பாசிரியரிடம், ஒன்று பி.டி. வாத்தியாரிடம். அடித்தும் மூச்சு அடங்கவில்லை, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை என்றால் தானே சமாளிக்கப் பார்க்காமல் உடனே பெரியவரைக் கூப்பிட வேண்டும். அதையும் வீட்டில் ஒத்திகை பாருங்கள். மருந்து தீர்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்ப்பது இன்னும் சில வருடம் உங்கள் வேலையாகவே இருக்கட்டும்.