காந்தி கையெழுத்தை வெட்டிக் கொடுக்கலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எங்க தாத்தா போன வருஷம் தவறிட்டார். பரண்ல இருந்த டிரங்க் பெட்டியை இறக்கினப்ப ஒரு சின்ன ஆட்டோகிராஃப் நோட்டு கிடைச்சது. அதுல ஒரு பக்கத்துல தமிழ்ல 'மோ.க.காந்தி'ன்னு கையெழுத்து. மத்த பக்கமெல்லாம் அவர்கூட படிச்சவங்களும் வாத்தியாருங்களும் எழுதினது. 1946-ல காந்தி இந்தி பிரச்சார சபா விழாவுக்கு தி.நகர் வந்தப்ப அஞ்சு ரூபா கொடுத்து வாங்கினேன்னு தாத்தா அடிக்கடி சொல்வார், நாங்க சிரிச்சிட்டு போயிடுவோம். பழைய சாமான் வாங்கறவர் ஒருத்தர் பாத்துட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிக் கொடுங்க, வெளிநாட்டுல பார்ட்டி இருக்கு, நல்ல விலைன்னு சொல்றார். அம்மா லேமினேட் பண்ணி மாட்டிடலாம்கறாங்க. ஒரிஜினல்தானான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? என்ன பண்ணலாம்?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

முதல்ல அந்தக் கத்தரிக்கோலை எடுத்து உள்ள வைங்க. லேமினேஷனும் வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க, சூடு பட்டு பிளாஸ்டிக் காகிதத்தோட ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் பிரிக்கவே முடியாது. மாட்டணும்னு ஆசையா இருந்தா நல்லதா ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்து மாட்டுங்க, நோட்டு பெட்டியிலேயே இருட்டுல இருக்கட்டும், வெயில் பட்டா பேனா மை வெளுத்துடும்.

இப்ப அந்த அஞ்சு ரூபா. உங்க தாத்தா சொன்னது நடக்கக்கூடிய கதைதான். காந்தி ஆட்டோகிராஃபுக்கு அஞ்சு ரூபா வாங்கி ஹரிஜன நிதியில போட்டது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். 1934 ஜனவரியில கேரளாவுல வடகரையில கௌமுதின்னு ஒரு பொண்ணு போட்டிருந்த நகையெல்லாம் கழட்டிக் கொடுத்துட்டு கையெழுத்து கேட்டுச்சு, நீ கழட்டின நகையைவிட உன் தியாகம்தான் உண்மையான நகைங்கற அர்த்தத்துல ஒரு வரி எழுதிக் கொடுத்தார். 1946 ஜனவரியில சபாவோட வெள்ளிவிழாவுக்கு சென்னை வந்ததும் நிஜம். தென்னாப்பிரிக்காவுல கூட இருந்து போராடின தமிழர்களுக்காக தமிழ் கத்துக்க ஆரம்பிச்சவர், அதனால தமிழ்ல கையெழுத்து போட்டிருக்கார்ங்கறதுலயும் ஆச்சரியம் இல்ல. ஆனா அந்தக் காலத்துல ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கைக்கு அஞ்சு ரூபா எங்கேருந்து வந்துச்சுங்கறதுதான் எனக்கு பெரிய கேள்வி, வீட்ல யாராவது பெரியவங்க இருந்தா கேளுங்க.

ஒரிஜினலான்னு பாக்கறது அவ்வளவு லேசு இல்ல. பொதுவா கை தயங்கித் தயங்கி, கோடு நடுங்கி இருந்தா போலின்னு சந்தேகப்படுவாங்க, ஆனா காந்திக்கு தமிழ் எழுத்து தாய்மொழி எழுத்து இல்லையே, மெதுவாத்தான் எழுதியிருப்பார், அதனால அந்த சோதனை இங்க அவ்வளவா உதவாது. போதாக்குறைக்கு மனுஷன் வலது கை வலிச்சா இடது கையால எழுதுவார், 1909-ல கப்பல்ல வரும்போது 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதினதே ரெண்டு கையாலயும்தான். இன்னொரு கையெழுத்தோட ஒப்பிட்டுப் பாக்கலாம்னு நினைப்பீங்க, அதுலயும் ஆபத்து இருக்கு. 1983-ல ஜெர்மனியில ஸ்டெர்ன் பத்திரிகை ஹிட்லர் டைரின்னு வெளியிட்டுச்சே, அதுக்கு முன்னாடி நிபுணர்கள் ஒப்பிட்டுப் பாத்து அசல்னுதான் சொன்னாங்க, ஆனா ஒப்பிடக் கொடுத்த சாம்பிள்லயே சிலது, அந்த டைரியை போலியா எழுதின குஜாவ்ங்கற ஆளே எழுதினது! கடைசியில மாட்டிவிட்டது காகிதம், போருக்கு அப்புறம் வந்த வெளுப்பு ரசாயனம் அதுல இருந்துச்சு. அதுக்கும் நூறு வருஷம் முன்னாடி ஃபிரான்ஸ்ல வ்ரேன் லூக்காஸ்னு ஒருத்தன், கிளியோபாட்ரா, மகதலேனா மரியாள் எல்லாரும் ஃபிரெஞ்சுல கடுதாசி எழுதின மாதிரி எழுதி ஆயிரக்கணக்குல வித்தான், வாங்கி ஏமாந்தது மிஷேல் ஷால்னு பெரிய கணித மேதை. ஆசை வந்துட்டா படிப்பெல்லாம் எங்க போகுமோ தெரியல. எனக்கும் அனுபவம் உண்டு, நேரு கையெழுத்து போட்ட புத்தாண்டு கார்டுன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்து மூணு மாசம் எல்லாருக்கும் காட்டினேன், அப்புறம் ஒரு நண்பர் லென்ஸ் வச்சுப் பாத்தா கையெழுத்து முழுக்க புள்ளி புள்ளி, அச்சு.

அதனால நீங்களும் லென்ஸ்லேருந்தே ஆரம்பிங்க. புள்ளியா தெரியுதா, இல்ல மை காகித நாருக்குள்ள இறங்கியிருக்கா? பால்பாயிண்ட் பேனாவா இருந்தா சந்தேகப்படுங்க, அது அமெரிக்காவுலயே 1945 அக்டோபர்லதான் கடைக்கு வந்துச்சு. (காந்தி ஸ்டாம்ப் மேல காந்தியே போட்ட கையெழுத்துன்னு யாராவது வித்தா ஓடிடுங்க, அந்த ஸ்டாம்ப் வந்தது 1948 ஆகஸ்ட் 15, அவர் போனது ஜனவரி 30.)

ஆனா எல்லாத்தையும்விட பெரிய சாட்சி மத்த பக்கங்கள்தான். முன்னாடி பின்னாடி பக்கத்துல தேதி இருக்கா, 1945, 46-னு வரிசையா வருதா? மை காயறதுக்குள்ள நோட்டை மூடியிருந்தா எதிர்ப்பக்கத்துல கண்ணாடியில பாக்கற மாதிரி இடம் வலமா மாறி கறை ஒட்டியிருக்கும், அது இருந்தா அந்தக் கையெழுத்து அந்த நோட்டுலயேதான் போட்டதுன்னு ஆகுது. வெட்டினீங்கன்னா இது அத்தனையும் போச்சு, கையில மிஞ்சறது எவன் வேணும்னாலும் எழுதக்கூடிய ஒரு துண்டுச் சீட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் இதே வேலையைத்தான் பண்ணினாங்க, கடுதாசியிலேருந்து கையெழுத்தை மட்டும் வெட்டி ஆல்பத்துல ஒட்டிக்கிட்டு மிச்சத்தை தூக்கிப் போட்டாங்க, நினைச்சாலே வயிறு எரியுது. ஐன்ஸ்டைன் 1922-ல டோக்கியோ ஹோட்டல்ல டிப்ஸுக்கு பதிலா எழுதிக் கொடுத்த ரெண்டு வரி, 2017-ல ஜெருசலேம் ஏலத்துல 15.6 லட்சம் டாலருக்குப் போச்சு. கதையில்லாத வெறும் ஐன்ஸ்டைன் கையெழுத்துக்கு அந்த விலை வருமா?

அந்த வெளிநாட்டு பார்ட்டி சமாச்சாரம் எனக்கு சுத்தமா பிடிக்கல. 1972 தொல்பொருள் சட்டப்படி 75 வருஷம் ஆன, வரலாற்று மதிப்புள்ள எழுத்துப் பிரதியே தொல்பொருள்தான். 1946-னா கணக்கு எப்பவோ தாண்டிடுச்சு. அதை தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, தொல்பொருள் வியாபாரம் பண்ண லைசென்ஸும் வேணும். அவர் அடுத்த தடவை வந்தா லைசென்ஸை காட்டச் சொல்லுங்க, அநேகமா அப்புறம் வரமாட்டார்.

இப்போதைக்கு எல்லா பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, தாத்தா சொன்னது ஞாபகம் இருக்கறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு தேதி போட்டு எழுதி வைங்க. ஒண்ணு மட்டும் கடிதத்துல நீங்க சொல்லல, காந்திக்கு எதிர்ப்பக்கத்துல யார் எழுதியிருக்காங்க? அந்த ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, ஃபிளாஷ் போடாம.