வெடித்தது எந்த விண்மீன்? எக்ஸ் கதிர் பற்றி வாசகர் கேள்விகள்

விண்மீன் வெடித்தால் கண்ணுக்கே தெரியுமாமே, எக்ஸ் கதிரில் பார்ப்பது எதற்கு?

கண்ணுக்குத் தெரிவது சில மாதங்கள்தான். சிதறிய பொருள் அதற்குப் பிறகு சுற்றியுள்ள வாயுவில் மோதி, கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறும். அவ்வளவு சூடான வாயு எக்ஸ் கதிரில்தான் ஒளிரும், அதுவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். சிலிக்கன், கந்தகம், இரும்பு என ஒவ்வொரு தனிமத்துக்கும் நிறமாலையில் (ஒளியைப் பிரித்துப் பார்க்கும் பட்டையில்) தனிக்கோடு உண்டு. செத்த விண்மீனின் வயிற்றில் என்ன இருந்தது என்பதை அந்தக் கோடுகளில் படித்துவிடலாம்.

வெடித்த பின் மிஞ்சும் எச்சத்தை வைத்து எந்த வகை வெடிப்பு என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். இரும்பு மிகுந்திருந்தால் வெண்குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் அடர்ந்த மிச்சம், வெடித்திருக்கும். 1572இல் வானியலாளர் டைக்கோ பிராஹே பார்த்தது அப்படிப்பட்டது. ஆக்சிஜனும் நியானும் தூக்கலாக இருந்தால், உட்கரு நொறுங்கி மாண்ட பெரிய விண்மீன். இதில் ஒரு பொறி: நடுவில் இன்னும் அதிர்வலை படாத இரும்பு குளிர்ந்தே கிடக்கும், எக்ஸ் கதிரில் தெரியாது. ‘இரும்பு இல்லை’ என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது.

சுமார் 11,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள காசியோப்பியா ஏ என்ற எச்சம் எனக்குப் பிடித்த உதாரணம். 1999இல் சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த முதல் படத்திலேயே நடுவில் ஒரு புள்ளி தெரிந்தது; வெடிப்பு விட்டுச்சென்ற நியூட்ரான் விண்மீன் அது, நொறுங்கிய உட்கருவின் மிக அடர்ந்த மிச்சம். பிறகு நுஸ்டார் என்ற இன்னொரு எக்ஸ் கதிர் தொலைநோக்கி, கதிரியக்கம் கொண்ட டைட்டானியம்-44 எங்கெல்லாம் கிடக்கிறது என்று வரைந்து காட்டியது. வெடிப்பின் ஆழத்தில் உருவாகும் இந்தத் தனிமத்தின் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) ஏறத்தாழ 60 ஆண்டுகள். அது சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாகக் கிடந்தது. பந்து போல எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெடித்திருந்தால் அப்படிக் கிடக்காது. வெடிக்கும்போதே உள்ளே கொதித்துக் குலுங்கியிருக்கிறது.

வெண்குறுமீன் சும்மா இருந்தபடியே வெடிக்குமா?

வெடிக்காது, துணை வேண்டும். எப்படிப்பட்ட துணை என்பதில்தான் வழக்கு. துணை விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்து, சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையை நெருங்கும்போது வெடிப்பது ஒரு வழி. இரண்டு வெண்குறுமீன்கள் சுற்றிச் சுற்றி நெருங்கி ஒன்றிணைவது இன்னொன்று.

முதல் வழியே பொதுவழி என்றால், பல லட்சம் ஆண்டுகள் விழுந்துகொண்டே இருக்கும் வாயு மென் எக்ஸ் கதிரை (ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிரை) உமிழ வேண்டும். 2010இல் கில்ஃபானோவ், போக்டான் என்ற இரு வானியலாளர்கள் அருகிலுள்ள நீள்வட்ட விண்மீன் மண்டலங்களில் கணக்குப் போட்டார்கள். எதிர்பார்த்ததைவிட 30 முதல் 50 மடங்கு குறைவாகவே எக்ஸ் கதிர் வந்தது. முதல் வழி பொதுவழி அல்ல என்பதற்கு, இல்லாததே இங்கே சாட்சி! ஆனால் 3சி 397 என்ற எச்சத்தில் மாங்கனீசும் நிக்கலும் அதிகம். அந்த அளவுக்கு அவை உருவாக, 1.4 எல்லையை நெருங்கிய, மிக அடர்ந்த வெண்குறுமீன் தேவை. ஆகவே இரண்டு வழியும் நடக்கிறது என்பதே என் கட்சி.

வெடிக்கும் கணத்தையே பிடித்ததுண்டா?

உண்டு, தற்செயலாக. 2008 ஜனவரி 9 அன்று ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் என்ஜிசி 2770 என்ற விண்மீன் மண்டலத்தில் ஏற்கெனவே வெடித்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே மண்டலத்தில் வேறொரு இடத்தில் சில நிமிடங்களுக்கு எக்ஸ் கதிர் பளிச்சிட்டது. உள்ளிருந்து கிளம்பிய அதிர்வலை வெளியே உடைத்துக்கொண்டு வரும் கணம் அது என்பதே பெரும்பாலோர் விளக்கம். இப்படிப்பட்ட பளிச்சுகளுக்காக வானத்தை அகலமாகக் கண்காணிக்க, 2024 ஜனவரியில் ஐன்ஸ்டைன் புரோப் என்ற செயற்கைக்கோள் ஏவப்பட்டது.

தரையிலிருந்தே இதைச் செய்ய முடியாதா?

முடியாது. வளிமண்டலம் எக்ஸ் கதிரை விழுங்கிவிடும், நமக்கு நல்லதுதான்.