பழைய மரம்தானே என்கிறீர்களா?

கேள்வி: 2019-ல் எரிந்த பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தைப் பழையபடியே கட்ட இத்தனை கோடி தேவையா? எரிந்தது பழைய மரம்தானே, இரும்பில் கூரை போட்டிருக்கலாமே?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: காரைக்குடியில் இருந்துகொண்டு 'பழைய மரம்தானே' என்று எழுத உங்களுக்கு எப்படி ஐயா மனம் வந்தது?

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். சுமார் 3,40,000 பேர் கொடுத்த நன்கொடை, கிட்டத்தட்ட 84 கோடி யூரோ. தேவாலயத்துக்கென்றே கொடுத்தது. கூரையை வேறு பொருளில் போடலாம்தான். முதல் உலகப் போரில் எரிந்த பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்துக்கு கான்கிரீட்டில் கூரைச்சட்டம் போட்டார்கள். நம் சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூர் தேவாலயத்துக்கு மாதிரி அந்த ரைம்ஸ்தான்.

நோத்ர தாமை மரத்திலேயே திரும்பக் கட்ட முடிந்ததற்குக் காரணம் உண்டு. தீப்பிடிப்பதற்கு ஐந்து வருடம் முன்பே, 2014-ல், இரண்டு கட்டடக் கலைஞர்கள் கூரைக்குள் ஏறி உத்திரம் உத்திரமாக அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். எந்தச் சட்டம் எதோடு பொருந்தியது என்பது காகிதத்தில் இருந்தது. அதை வைத்துத்தான் தச்சர்கள் ஓக் மரங்களைக் கோடரியால் செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் கதவும் திறந்தது.

நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு அப்படி ஒரு காகிதம் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் வீட்டை விலைபேசிவிட்டால், பர்மா தேக்குத் தூண்கள் ஒரு லாரியில், நிலையும் கதவும் இன்னொரு லாரியில் போய்விடும். பழம்பொருள் கடைகள் இருக்கும் உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நிலையின் முன் நின்று பாருங்கள். மாவிலைத் தோரணம் கட்டிய ஆணி அப்படியே இருக்கும். செதுக்கலின் பள்ளங்களில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும். எந்த ஊர், எந்த வீட்டு வாசல் என்று கேட்டால் கடையில் பதில் கிடைப்பது அபூர்வம்.

இதை எழுதும்போதெல்லாம் பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று சில தரகர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும். விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகும் வீட்டை வெளிநாட்டில் இருப்பவர் எத்தனை காலம் தாங்குவார்? ஆனால் கடப்பாரை விழுவதற்கு முன் அளந்துவிடலாமே. காரைக்குடியிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. சிவில் படிக்கும் பிள்ளைகள் நாலு பேரிடம் டேப்பைக் கொடுத்து, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று எல்லாவற்றையும் வரையச் சொல்லுங்கள். நகலை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.