ரிம்மோன் கோயிலும் அம்மாவின் புக்கையும்

வணக்கம் ஐயா. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலிருந்து எழுதுகிறேன். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவள் எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். கண்ணகை அம்மன் கோயிலில் படைத்த புக்கையை (பொங்கலை) உண்ண மாட்டேன் என்றதற்கு அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அலுவலகத்திலும் கேலி. இது உபத்திரவம், வீட்டை விட்டு வெளியேறு என்கிறார்கள் சபையில். இந்த வைகாசிச் சடங்குக்கு நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி

அன்பு மகளுக்கு,

அலுவலகக் கேலியை விட்டுத்தள்ளு. புக்கையை உண்ணலாமா என்ற கேள்விக்கு விடை கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம், பத்தாம் அதிகாரங்களில் இருக்கிறது, படித்துக்கொள்.

எனக்குக் கோபம் வந்தது அந்த ‘உபத்திரவம்’ என்ற இடத்தில். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டுக் கொன்றார்கள். இங்கே இருந்துகொண்டு, பெற்ற தாய் முகம் கொடுத்துப் பேசாததை உபத்திரவக் கணக்கில் எழுதலாமா? மகள் கைவிட்டுப் போய்விடுவாளோ என்று அவள் பயந்துபோயிருக்கிறாள். அந்தப் பயத்தை மெய்யாக்கத்தான் உன் சபையார் ஆலோசனை சொல்கிறார்கள்.

சில நாட்களாக நாகமானையே நினைத்துக்கொண்டிருந்தேன். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம், ஐந்தாம் அதிகாரம். சீரியப் படைத்தலைவன்; யோர்தானில் முழுகிக் குட்டம் நீங்கியவன். இனிக் கர்த்தருக்கே பலி என்கிறான். ஆனால் ஊரில் அரசன் தன் தெய்வமான ரிம்மோனின் கோயிலுக்குப் போகும்போது இவன் கையில்தான் சாய்வான். இவனும் குனிய வேண்டிவரும். கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். பதவியைத் துற என்று தீர்க்கதரிசி எலிசா சொல்லவில்லை. இஸ்ரவேலிலேயே தங்கிவிடு என்றும் சொல்லவில்லை. ‘சமாதானத்தோடே போ’ என்று அனுப்பிவிட்டார். புது விசுவாசத்தோடு ஒருவன் ரிம்மோனின் ஊருக்கே திரும்பிப் போகிறான், மகள்! இதை ஏன் உன் சபையில் யாரும் பிரசங்கிப்பதில்லை?

என் சித்தப்பா மெதடிஸ்த சபைக்காரர். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் சைவக் குடும்பத்தில் மணம் முடித்து, நம் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிபோனார். மாமனார் அம்மன் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர். பூசையில் நிற்க மாட்டேன் என்று முதல் வருடமே மாமனாரிடம் நேரில் சொன்னார். சடங்குக்குப் பந்தல் போடுவார், தோரணம் கட்டுவார், கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொடுப்பார். பூசை தொடங்கியதும் கையைக் கழுவிவிட்டு, வியர்வையில் ஓரம் உப்பிப்போன சங்கீதப் புத்தகத்தோடு வாவிக்கரைக்குப் போய்விடுவார். ஞாயிறு காலையில் புளியந்தீவு ஆராதனைக்குப் போக அவருக்குச் சைக்கிளைத் துடைத்து வைத்தவர் அந்த வண்ணக்கர்தான். சித்தப்பா ஒளிக்கவும் இல்லை, யாரையும் பழிக்கவும் இல்லை. நீ அம்மாவிடம் புக்கை வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னாயா, அல்லது அம்மனைப் பேய் என்றும் சொன்னாயா? கடிதத்தில் அதை எழுதவில்லை.

சொல்லியிருந்தால், இன்றைக்கே மன்னிப்புக் கேள். சடங்குக்கு வீடு மெழுகவும் அரிசி புடைக்கவும் அம்மாவுக்குக் கை கொடு. வீட்டை விட்டு வெளியேறச் சொன்னவரிடம் இந்தப் பதிலைக் காட்டு. மறுப்பு இருந்தால் அவர் எனக்கு எழுதட்டும்.