‘ஈக்விலிப்ரியம்’ படத்தில் நாயகன் அரசுக்கு எதிராகத் திரும்புவது ஏன்?

2002இல் கர்ட் விம்மர் இயக்கிய படம் இது. மூன்றாம் உலகப்போருக்குப் பிறகு, போருக்குக் காரணமே மனித உணர்ச்சிதான் என்று லிப்ரியா என்ற கற்பனை நாட்டின் அரசு முடிவு கட்டுகிறது. எல்லோரும் உணர்ச்சிகளை மழுங்கடிக்கும் புரோசியம் என்ற மருந்தை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஓவியம், இசை, கவிதை வைத்திருந்தால் மரணம். அப்படி வைத்திருப்பவர்களை வேட்டையாடும் அதிகாரிதான் கிறிஸ்டியன் பேல் நடித்த ஜான் பிரெஸ்டன்.

ஒருநாள் காலையில் மருந்துக்குப்பி தவறி விழுந்து உடைகிறது. அன்றிலிருந்து அவனுக்குள் ஒவ்வொன்றாக விழிக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய தாளைக் கிழித்து விடியலைப் பார்க்கிறான். பதுக்கிவைத்த இசைத்தட்டில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைக் கேட்டதும் அழுதுவிடுகிறான். என்னைக் கேட்டால் படத்தின் உயிரே அந்த இடம்தான். கொள்கையைப் படித்து அவன் கலகக்காரன் ஆகவில்லை, உணரத் தொடங்கியதால் ஆகிறான். அதற்கு முன்பே, கவிதை படித்ததற்காகத் தன் கூட்டாளியைச் சுட்டுக் கொன்றவன் அவன். அந்தக் குற்றவுணர்ச்சியும் இப்போது சேர்ந்து தாக்குகிறது.

சரி, சண்டைக்காட்சிகள்? ‘கன் கட்டா’ என்று துப்பாக்கியையே தற்காப்புக்கலை போலக் கையாளுகிறார்கள். முகத்தில் சலனமே இல்லாமல் சுடப் பயிற்சி பெற்றவன், கடைசியில் அதே வித்தையோடு ஆட்சியாளர்களின் கோட்டைக்குள்ளேயே நுழைகிறான்.