செட்டிநாட்டு வீட்டில் படப்பிடிப்பு: முன்பணமும் கொடுத்தோம், பாதியில் வெளியேற்றியும் விட்டார்கள்

கேள்வி: நானும் என் அம்மாவும் கோவையில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறோம். விளம்பர வீடியோ எடுக்கக் கானாடுகாத்தான் அருகே ஒரு பழைய வீட்டை இரண்டு நாளுக்கு 40,000 ரூபாய் பேசி, வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு 25,000 ரூபாயைக் கூகுள் பே மூலம் முன்பணமாக அனுப்பினோம். ஒப்பந்தம் எழுதவில்லை, பேசியதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். முதல் நாள் மதியமே பங்காளிகளில் ஒருவர் வந்து, “யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள்?” என்று எங்களை வெளியேற்றிப் பூட்டிவிட்டார். எடுத்த காட்சிகளையும் அழிக்கச் சொல்கிறார். கேமராக் குழுவுக்கு இரண்டு நாள் சம்பளம் 48,000 ரூபாய் கொடுத்தாகிவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? எடுத்ததைப் பயன்படுத்தலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய படங்களில் வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, சுற்றியுள்ள அறைகளைப் பார்த்தேன். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிப் பூட்டு. அந்தப் பகுதி வீடுகளில் மகன்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை ஒதுக்குவது வழக்கம். இரண்டு மூன்று தலைமுறை கடந்தால் பங்குதாரர்கள் இருபது, முப்பது பேர் ஆகிவிடுவார்கள். முகப்புக் கதவின் சாவி ஒருவர் கையில் இருக்கலாம். வீடு அவருடையது என்று அதற்குப் பொருள் அல்ல. வாடகையைக் கேட்பதற்கு முன் “வீடு யார் பெயரில் இருக்கிறது?” என்று கேட்டிருந்தால் இந்தத் துயரம் நேர்ந்திருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களே இதைக் கேட்காமல் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பணத்துக்கு வருவோம். அந்தப் பணியாளருக்கு வாடகைக்கு விடும் அதிகாரத்தை உரிமையாளர் யாராவது கொடுத்திருந்தாரா என்பதுதான் முதல் கேள்வி. உரிமையாளர்களில் ஒருவர் அந்தப் பணியாளரை முன்னிறுத்தி, உங்களை நம்பவைத்திருந்தால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 237 அந்த உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். யாருமே அதிகாரம் கொடுக்கவில்லை, பிறகு ஒப்புக்கொள்ளவும் இல்லை என்றால் பிரிவு 235 இருக்கிறது: இல்லாத அதிகாரத்தை இருப்பதாகச் சொல்லி உங்களோடு பேரம் பேசியவரே உங்கள் நஷ்டத்துக்குப் பொறுப்பு. ஆகவே பணத்தைத் திருப்பிக் கேட்கும் நோட்டீஸை அந்தப் பணியாளருக்கும், அவர் யாருக்காகப் பேசுவதாகச் சொன்னாரோ அவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். வெளியேற்றிய பங்காளி மீது உங்களுக்குக் கோபம் இருக்கும், அது நியாயமும்கூட. ஆனால் அவர் உங்களோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. தம் வீட்டைத் தாம் காத்தார், அவ்வளவுதான்.

கேமராக் குழுவின் சம்பளத்தையும் கேட்கலாம். இப்படி நஷ்டம் வரும் என்று பேசும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73இன்படி அதையும் கோர இடமிருக்கிறது. “பதினைந்து பேர் சென்னையிலிருந்து வருகிறோம், கேமரா இரண்டு நாளுக்கு எடுத்திருக்கிறோம்” என்று நீங்கள் அனுப்பிய செய்திதான் இங்கே உங்களுக்குப் பெரிய துணை. அதை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அந்தக் கைப்பேசியை விற்காமல், எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழை உங்கள் வழக்கறிஞர் தயார் செய்வார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முதல் நாள் பாதி வரை படம் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பயனைக் கழித்துத்தான் நீதிமன்றம் கணக்கிடும். மறுநாள் குழுவை வேறிடத்தில் பயன்படுத்த முயன்றீர்களா என்றும் கேட்கும்.

உரிமையியல் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுதான். வணிக நோக்கத்துக்காக எடுத்ததால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது, நீங்களும் அம்மாவும் அதற்குள் வர வாய்ப்பு அதிகம். காவல் நிலையத்துக்கு உடனே ஓட வேண்டாம். வாக்குத் தவறியது எல்லாம் மோசடி ஆகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும்.

காட்சிகளை அழிக்காதீர்கள், இப்போது வெளியிடவும் வேண்டாம். தூண், ஆத்தங்குடித் தளம், பின்னணியில் தெரியும் ஓவியம் ஆகியவற்றைப் பொறுத்தவரை பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52 உங்களுக்குப் பெரும்பாலும் சாதகம். ஆனால் நீங்கள் அனுப்பிய ஒரு காட்சியில் பொடி டப்பாவுக்குப் பின்னால், மாலை போட்ட ஒரு பெரியவரின் படம் தெளிவாகத் தெரிகிறது. அவருடைய பேரன் அதைப் பார்த்தால் மனம் என்ன பாடுபடும்! சட்டம் எப்படியிருந்தாலும் அந்தக் காட்சி வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்த முறை சொத்துவரி ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பங்காளிகள் பலர் என்றால் ஒருவருக்கு மற்றவர்கள் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைப் பாருங்கள். நாள், நேரம், வீட்டின் எந்தெந்தப் பகுதி, எத்தனை பேர், மின்சாரம், சேதத்துக்கான வைப்புத்தொகை, காட்சியை எங்கெல்லாம் வெளியிடலாம், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பனவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அருகிலுள்ள திருமயம் கோட்டையில் எடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. முன்கூட்டியே உரிமம் வேண்டும்.

நோட்டீஸ் அனுப்பும் முன் ஒருமுறை அந்தப் பங்காளியை நேரில் பாருங்கள். பெரியவரின் படம் வரும் காட்சியை நீக்கிவிடுகிறோம் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, அந்த 25,000 ரூபாய் தங்களில் யாருக்காவது வந்ததா என்று கேளுங்கள். வழக்குக்கு வேண்டிய பெயர் அந்தப் பதிலில் இருக்கும். மீதி நாள் படப்பிடிப்புக்கான கடிதமும் அவரிடமிருந்தே கிடைக்கலாம்.